பம்பர் நரைத்தால் பொறுக்காதவர்

பழைய வண்டியின் கருப்பு பிளாஸ்டிக் வெளுத்துப்போவதைப் பொறுத்துக்கொள்ள முடியாத மனிதர்கள் என்று ஒரு ரகம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், இன்னும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்க்க உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது, கார் நிறுத்தும் இடத்தில் தனியாகக் குனிந்து, யாரோ ஒருவருடைய காரின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்து, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'ச்சு' கொட்டுகிறாரே, அவர்தான். திருடன் என்று நினைத்து வாட்ச்மேன் ஓடி வருவார். வாட்ச்மேனையும் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கம் சொல்லி அனுப்புவார்.

அப்படி என்னதான் விஷயம் என்கிறீர்களா? வண்டி புதிதாக வரும்போது அதன் பம்பர், கதவோரப் பட்டை, பக்கக் கண்ணாடியின் மூடி, வைப்பருக்கு அடியில் இருக்கும் தகடு எல்லாம் நல்ல கருப்பாக இருக்கும். விழுப்புரம் வெயிலில் பத்து வருஷம் நின்றால் அந்தக் கருப்பு மெல்ல மெல்லச் சாம்பலாகி, கடைசியில் தட்டில் காய்ந்துபோன கேப்பங்கூழ் மாதிரி ஒரு நிறத்துக்கு வந்துவிடும். வண்டி ஓடுவதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிரேக் பிடிக்கும், ஹாரன் அடிக்கும், விளக்கு எரியும். உங்களையும் என்னையும் போன்றவர்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை. அவர் கவனிப்பார். கவனித்துவிட்டால் அப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

எனக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும்? அப்படி ஒருவரோடு இருபத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

என் வீட்டுக்காரர் கோகுலகிருஷ்ணன் விழுப்புரத்தில் ஒரு விதைக் கடையில் மேனேஜர். நான் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். பகலெல்லாம் நான் இருக்கும் இடத்தில் மஞ்சள் பற்களை வெள்ளையாக்குகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒருவர் வெள்ளை பிளாஸ்டிக்கைக் கருப்பாக்கிக்கொண்டிருக்கிறார். நடுவில் இருக்கும் எனக்குக் கண் கூசுகிறது.

அவருடைய தலை முழுக்க வெள்ளை. டை அடித்துக்கொள்ளக் கூடாதா மாமா என்று என் தங்கை ஒருமுறை கேட்டுவிட்டாள். மனிதர் உண்மையாகவே புண்பட்டுப்போனார்.

"தல நரைச்சா அது வயசும்மா. பம்பர் நரைச்சா அது நம்ம அலட்சியம்" என்றார்.

எங்கள் கார் பதினைந்து வயதானது. காலையில் மூன்று முறை சாவியைத் திருப்பினால் இரண்டாவது முறை நம்பிக்கை தரும், மூன்றாவது முறை கிளம்பும். பின்பக்கக் கதவு ஒன்றை உள்ளேயிருந்து திறக்க முடியாது. நான் உட்கார்ந்துவிட்டால் யாராவது வந்து விடுதலை செய்ய வேண்டும். ஏசி ஓடாது. அதைச் சரிசெய்தால் என்ன என்று கேட்டால் அவர் காதில் விழாது, ஏனென்றால் ஏசி வெளியே தெரியாது. பம்பர் தெரியும்.

முதலில் தேங்காயெண்ணெய் தடவினார். ஒரு மணி நேரம் அற்புதமாக இருந்தது. பைபாஸ் வரை போய்விட்டு வந்ததும் ரோட்டுப் புழுதி முழுக்க ஒட்டி, பஜ்ஜி மாவில் புரட்டியெடுத்த மாதிரி நின்றது. அடுத்தது மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலை எண்ணெய். அது தேங்காயெண்ணெயைவிடக் கெட்டி, அதனால் உள்ளே இறங்கும் என்பது அவருடைய ஆராய்ச்சி. உள்ளே இறங்கியதோ என்னவோ, எதிர்வீட்டு ஆடு இறங்கி வந்து இடதுபக்கக் கதவோரப் பட்டையை முன்னாலிருந்து பின்னால்வரை பொறுமையாக நக்கியது. நக்கிய இடம் மற்ற இடத்தைவிடப் பளபளப்பாக இருந்ததை அவர் இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தார். ஆட்டை வைத்து ஏதாவது செய்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது. பிறகு ஷூ பாலிஷ். அதைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. என் அண்ணன் வெள்ளை வேட்டியோடு வந்து, நின்று பேசுவதற்கு வாகாகக் காரின் மேல் சாய்ந்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

கடைசியாக வந்து சேர்ந்ததுதான் லிக்விட். போனில் யாரோ ஒருவர் வீடியோவில் காட்டியது. கட்டைவிரல் உயரத்தில் ஒரு கருப்புப் பாட்டில். அதற்கு ஒரு பஞ்சுக்கட்டை, ஒரு மாஸ்கிங் டேப், மூன்று மெல்லிய துணி. அது வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் வண்டிக்குத்தான் வரவேற்பு. ஆள் இறங்குவதற்குள் இவர் பம்பர் பக்கத்தில் குந்திவிடுவார். "ஒரு பத்து நிமிஷ வேலைங்க. இது பெயிண்ட் இல்ல. உள்ள இருக்கிற கருப்பத்தான் வெளிய கொண்டாறோம். ரெண்டு வருஷத்துக்கு அசையாது, நான் கேரண்டி." பத்து நிமிஷம் என்பது பஞ்சுக்கட்டையைத் தேடும் நேரம். மற்றபடி அரை நாள்.

இதுவரை எல்லாம் வீட்டோடு போயிற்று. சென்ற வைகாசியில்தான் அது அடுத்த வீட்டுக்குப் பரவியது.

அடுத்த வீட்டு மொய்தீன் பிச்சை பாய்க்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். முப்பது வருஷமாக விழுப்புரத்தில் துணி வியாபாரம். ஒரு வெள்ளிக் கலர் வேனில் துணி மூட்டையை ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் வந்தவர். சென்ற வருஷம் கண்ணில் புரை எடுத்த பிறகு, துபாயில் இருக்கும் மகன் ஹமீத் போன் போட்டு, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, வேனை விற்றுவிட்டு ஆறு மாதம் எங்களோடு வந்து இருங்கள் என்று டிக்கெட்டும் எடுத்து அனுப்பிவிட்டான். வியாழக்கிழமை விமானம். வேனை வாங்கிக்கொள்ள ஆளும் கிடைத்துவிட்டார். திண்டிவனத்தில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் வேங்கடேசன். முந்தின வாரமே வந்து, வேனை ஓட்டிப் பார்த்து, நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, திண்டிவனத்துக்கே கொண்டுவந்து விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இதற்கு நடுவில் வெள்ளிக்கிழமை காலை பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சார், கோட்டக்குப்பத்துல தங்கச்சி பேரனுக்கு பேர் வெக்கிறாங்க. போய்ட்டு ஞாயித்துக்கெழம காலையில வந்துர்றேன். கால்வா தோண்ட ஆளு வந்தா வண்டிய கொஞ்சம் நகத்தி உடுங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

யாரிடம் கொடுக்கிறார் பாருங்கள். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் சாவி கைமாறிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது தெருவில் ஒரு சின்னக் கூட்டம். பாய் வேனுடைய முன்பம்பர், பின்பம்பர், கதவோரப் பட்டைகள், கண்ணாடி மூடிகள், எல்லாம் அமாவாசைக் கருப்பில் மின்னிக்கொண்டிருந்தன. பதினேழு வயது வேன் அது. முகத்தை மட்டும் மாற்றி வைத்த மாதிரி இருந்தது. இவர் கடைக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, இரண்டு பூச்சுப் பூசியிருக்கிறார். மூன்று பாட்டில் காலி. மத்தியானம் வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே இருந்தது.

"பாய் கேட்டாராங்க?" என்றேன்.

"கேட்டுக்கினு செஞ்சா அது வேல. கேக்காம செஞ்சாத்தான் அன்பு."

"வித்துட்ட வண்டிக்கு எதுக்குங்க அன்பு?"

"முப்பது வருஷம் சோறு போட்ட வண்டிம்மா. மொகத்த தொடச்சி அனுப்ப வேணாமா?"

பதினேழு வயது வண்டி முப்பது வருஷம் எப்படிச் சோறு போட்டது என்று நான் கேட்கவில்லை. அந்த ரகத்திடம் கணக்குக் கேட்டுப் பயனில்லை. அதோடு, சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயும் அவர் மனைவி ஃபாத்திமா பீவியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பாய் தன் வேனைத் தாண்டி நடந்துபோய், எங்கள் கதவைத் தட்டி, "சார், வண்டிய எங்க உட்டிங்க?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருடைய வாழ்க்கையில் இதைவிடப் பெரிய விருது இல்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டினார். பாய் பம்பரைத் தொட்டார், பின்னால் போனார், மறுபடி முன்னால் வந்தார். வெட்கப்பட்டுச் சிரித்தார். ஃபாத்திமா பீவி மட்டும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே, "இப்பிடி இருக்கும்னு தெரிஞ்சிருந்தா நானே விக்க வேணாம்னு சொல்லியிருப்பேனே" என்றார்.

திண்டிவனத்துக்கு வேனை இவர் ஓட்டினார். பாய் பக்கத்தில் உட்கார்ந்தார். என் தங்கை வீடு அங்கேதான் என்பதால் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை இவர் எதிரில் வந்த வண்டிகளின் பம்பர்களுக்கு மார்க் போட்டுக்கொண்டே வந்தார். பாய் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாக "ஆமா சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வேங்கடேசன் வீட்டு வாசலில் ஆளுயர அண்டாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவருக்கு நாற்பது வயது இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடிதான் வந்தார். வேனின் முன்னால் வந்ததும் சிரிப்பு நின்றது. குனிந்தார். கட்டைவிரலால் தேய்த்தார். எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பாராட்டு வரப்போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வேங்கடேசன் போனை எடுத்து, போன வாரம் பிடித்த போட்டோவைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"பாய், நான் பாக்கும்போது பம்பர் சாம்பக் கலர்ல இருந்துச்சி. இது புது பம்பர்."

"பழசுதாங்க" என்றார் இவர், முந்திக்கொண்டு. "நான்தான் ரெஸ்டோர் பண்ணேன்."

"முன்னாடியும் புதுசு, பின்னாடியும் புதுசு. ஒரு வாரத்துக்குள்ள எங்கியோ நல்லா அடி வாங்கியிருக்குது. மாத்திப் போட்டு கொண்டாந்துட்டிங்க."

"இடிக்கலிங்க. ஒரு லிக்விட் இருக்குது, உள்ள இருக்கிற கருப்ப..."

"சார்" என்றார் வேங்கடேசன், கோபமே இல்லாமல். "பதினேழு வருஷத்து வேனு. அதுவும் அடுத்தவரு வேனு. அதுவும் விக்கப்போற வேனு. ஒக்காந்துக்கினு பம்பருக்கு மை தீட்டினேன்னு சொல்றிங்க. அப்படி ஒரு வேலைய யாருங்க செய்வாங்க?"

பாவம், அவர் அந்த ரகத்தை அதற்குமுன் பார்த்ததே இல்லை. இருக்கிறார்கள் என்றே தெரியாது. நான் முன்னால் வந்து, "இவரு செய்வாருங்க, நான் இருபத்திரண்டு வருஷமா பாத்துக்கினு இருக்கேன்" என்று சாட்சி சொன்னேன். பெண்டாட்டி சாட்சி என்று அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

"வந்தது வந்துட்டிங்க, சாப்ட்டு போங்க" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் பாயைப் பார்த்தேன். வியாழக்கிழமை விமானம், வேன் போகாவிட்டால் ஆறு மாதம் தெருவில் வெயிலில் நிற்கும். ஆனால் அவர் முகம் வாடியது அதற்காக இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"முப்பது வருஷம் துணி வித்திருக்கேன் தம்பி. சாயம் போற துணிய போவாதுன்னு சொல்லி ஒருத்தருக்கு குடுத்ததில்ல. வண்டி வேணாம்னா வேணாம். ஏமாத்த வந்தேன்னு மட்டும் நெனச்சிக்காதிங்க."

சொல்லிவிட்டு அண்டாக்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

என் வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இப்படி ஒரு முகம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல, "கொஞ்சம் பெட்ரோல் கெடைக்குமாங்க? ஒரு பழைய துணியும்" என்றார்.

"எதுக்கு?"

"பூசினது நான்தான்னா, கலைக்கவும் வரணுமில்ல?"

வேங்கடேசன் தன் ஸ்கூட்டரிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தார். இவர் முன்பம்பரின் இடது மூலையில் குந்தினார். துணியை நனைத்து ஒரு தேய். துணியைப் பிரித்துப் பார்த்தால் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. பம்பர் அசையவில்லை. இன்னொரு தேய். ம்ஹூம். ரெண்டு வருஷ கேரண்டி, என்னவென்று நினைத்தீர்கள்? மனிதருடைய முகத்தில் சத்தியமாக ஒரு கணம் பெருமை எட்டிப்பார்த்தது. அதற்கு அடுத்த கணம், அது போகாவிட்டால் பாய் பொய்யர் ஆகிவிடுவார் என்பது உறைத்து, பெருமை போய் வேர்வை வந்தது. தேங்காயெண்ணெய் புழுதியோடு போயிற்று, மல்லாட்டை எண்ணெய் ஆட்டோடு போயிற்று, பாலிஷ் என் அண்ணன் வேட்டியோடு போயிற்று. போகவே போகாத ஒன்றை ஒருவழியாகக் கண்டுபிடித்த மனிதர், அது போக வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்க்கிறார். சமையல் ஆட்கள் இரண்டு பேர் காய் நறுக்குவதை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். "புச்சுதாங்க அது" என்றார் ஒருவர்.

"அந்த அண்டா தேய்க்கிற கம்பி நார் குடுங்க" என்றார் இவர்.

கொடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார். ஐந்தாவது இழுப்பில் நாரில் மை இறங்கியது. துணியால் துடைத்தபோது அங்கே உள்ளங்கை அளவுக்குப் பழைய சாம்பல், அப்படியே கேப்பங்கூழ், வெளியே வந்து நின்றது.

வேங்கடேசன் குந்தினார். போட்டோவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். விரலை வைத்துத் தடவினார். பிறகு எழுந்து நேராக பாயிடம் போனார்.

"பாய், மன்னிச்சிக்கங்க. தப்பா பேசிட்டேன்."

"உடுங்க தம்பி. நானும் இதுக்கு முன்னாடி கண்டதில்ல" என்றார் பாய். இரண்டு பேரும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் கையில் நாரோடு, தான் கலைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெருங்கிய சொந்தம் இறந்த வீட்டில்தான் அப்படி உட்காருவார்கள்.

அதன்பிறகு வேலை சுருக்கமாக முடிந்தது. கையெழுத்து போட்டார்கள், சாவி மாறியது, வாசலில் தேங்காய் உடைத்தார்கள், வேனுக்குப் பொட்டு வைத்தார்கள். இந்தமுறை "சாப்ட்டு போங்க" என்றதற்கு உண்மையான அர்த்தம் இருந்தது. பாயசத்தோடு இலை போட்டிருந்தார்கள். நானும் பாயும் உட்கார்ந்துவிட்டோம். மற்ற இருவரையும் காணவில்லை. எட்டிப் பார்த்தேன்.

வேங்கடேசன் வேனுக்கு எதிரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஒருதரம் கிட்டே போவார், ஒருதரம் தள்ளி வருவார்.

"சார், இந்த எடம் மட்டும் வெளுத்துக்கினு நிக்குது. கண்ண உறுத்துது."

"உறுத்தும்" என்றார் இவர், டாக்டர் மாதிரி.

"மொதல்ல மொத்தமும் இப்படித்தான் இருந்துச்சி. அப்ப எனக்கு ஒண்ணும் தெரியல. இப்ப தெரியுதே."

"ஒரு தடவ தெரிஞ்சிட்டா அவ்ளோதாங்க."

வேங்கடேசன் இன்னொரு தரம் கிட்டே போய்விட்டு வந்தார்.

"அந்த பாட்டில் கைவசம் இருக்குதா?"

இருக்குமா என்று கேட்கலாமா? சட்டைப்பையிலிருந்து எடுத்தார். நாலாவது பாட்டில். அதை அவர் எப்போது வாங்கினார் என்பதை நான் தனியாக விசாரிக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் பம்பர் பக்கத்தில் முட்டியோடு முட்டி இடிக்கக் குந்தினார்கள். "இது பெயிண்ட் இல்லிங்க..." என்று ஆரம்பித்தது என் காதில் விழுந்தது. மூலையை முடித்துவிட்டு வேங்கடேசன் உள்ளே போய்த் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அடுத்து மாமனாருடைய பைக் வந்தது. சமையல் ஆட்களில் ஒருவர், புச்சுதான் என்றாரே, அவர் தன் மொபெட்டின் முன்பக்கத்தைக் காட்டி, இதுக்கு வருமாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். இலையில் சாம்பார் ஆறி ஆடை கட்டியது. பாய் நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டு, "நான் ஒரு வேனுதான் விக்க வந்தேன்மா. சார் ஒரு கடையே தொறந்துட்டாரு" என்றார். முப்பது வருஷ வியாபாரி. அவருக்கு அந்த ஒரு வார்த்தையில் மனசு லேசாகியிருந்தது தெரிந்தது.

விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் திரும்பினோம். பாய் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கூட்டேரிப்பட்டு வருவதற்குள் தூங்கிவிட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, கருப்பேறிய தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் கேட்காமல் யார் வண்டியையும் தொடமாட்டேன் என்று அவராகவே சத்தியம் செய்தார். நான் நம்பினேன். வியாழக்கிழமைவரை அதைக் காப்பாற்றினார். அன்றைக்குத்தான் பாயை விமானத்துக்கு அழைத்துப்போக வாடகைக் கார் வந்தது. டிரைவரிடம் கேட்டுவிட்டுத்தான் தொட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் இந்த ரகம் இல்லை. தெரியும். உங்களுக்கு ஆயிரம் வேலை, இதற்கெல்லாம் நேரமில்லை, யாரோ ஒருவருடைய பைத்தியம் என்று சிரித்துக்கொண்டேதான் இவ்வளவு தூரம் வந்தீர்கள். ஆனால் நடுவில் எங்கேயோ, வாசலில் நிற்கும் உங்கள் வண்டியின் கண்ணாடி மூடி இப்போது என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒரு யோசனை வந்ததல்லவா? லிக்விட்டின் பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டாளே என்று என்மேல் லேசாக ஒரு வருத்தமும் வந்ததல்லவா? வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. போய்ப் பார்ப்பதென்றால் பார்த்துவிட்டு வாருங்கள். தயவுசெய்து வெறுங்கையோடு போங்கள்.